பெஞ்சில் உட்கார்ந்தால் பேர் எழுதணும்

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் நாள் என் அப்பா மாப்பிள்ளையின் சலூனுக்கு ஷேவ் செய்துகொள்ள வந்தார். மாமனார் ஆயிற்றே, எழுந்து நின்று வரவேற்பார் என்று பார்த்தால், என் வீட்டுக்காரர் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்து நீட்டி, "மாமா, பேர் எழுதிடுங்க. உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க" என்றார். அப்பா ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்து, ஷேவ் செய்துகொண்டு வீட்டுக்கு வந்து, "உன் புருஷன் நல்லவன்தான். ஆனா கொஞ்சம் லூசு" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தீர்ப்பை மாற்ற எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நோட்டு வந்ததற்கு ஒரு கதை உண்டு. கடை திறந்த புதிதில் யார் முதல் என்று இரண்டு பேர் சண்டை போட்டு, ஒருவர் பவுடர் டப்பாவை வீசினார். மற்றவர் குனிந்துவிட்டார், கண்ணாடி குனியவில்லை. மறுநாளே நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று ஆணியில் ஏறியது. பேனா நூலில் கட்டித் தொங்கியது. பேர், போன் நம்பர், வந்த நேரம், வேலை என்று நாலு கட்டம். வேலை என்றால் கட்டிங்கா, ஷேவிங்கா, இரண்டுமா. நடுவில் எழுந்து வெளியே போனால் போன நேரம் எழுத வேண்டும். திரும்பினால் திரும்பிய நேரம். எழுதாமல் போனால் பேர் அடிபடும். சிலர் நம்பரைத் தப்பாக எழுதிவிட்டு வெளியே போய்விடுவார்கள், முறை வந்தால் கூப்பிட முடியாது. அதனால் புதிதாக யார் எழுதினாலும் அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்ப்பார். மணி அடித்தால்தான் பெஞ்சு.

இவ்வளவு கறாரானவர் வீரர் என்று நினைத்துவிடாதீர்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். பல்லி விழுந்தால் என்னைக் கூப்பிடுவார். மீட்டர் கணக்கெடுக்க வருகிறவரைப் பார்த்தாலே பாட்டை நிறுத்திவிட்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி நிற்பார். காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தால் அவர் கையில் இருக்கும் சீப்பு தானாக வேகமாகும். தைரியம் என்று கடவுள் கொடுத்ததையெல்லாம் அந்த நோட்டிலேயே செலவழித்துவிட்டார் என்று நான் சொல்வதுண்டு.

நான் கடைக்குப் பின்னாலேயே, ஒரு திரைக்கு அந்தப் பக்கம், தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பது என் வேலை. திரையில் ஒரு கிழிசல் இருக்கிறது. தையற்காரி வீட்டிலேயே கிழிசலா என்று கேட்காதீர்கள். அது நான் வேண்டுமென்றே தைக்காமல் விட்டது.

எதிரே பேட்டரிக்கடை. அதன் மாடியில் ஒற்றை அறை. அங்கேதான் மாடி அக்கா ஆபீஸ் வைத்திருந்தார். போலீஸ் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள், லாக்கப்பில் செத்துப்போனவர்கள், இவர்கள் வீட்டு ஆட்கள் அந்த இரும்புப் படிகளில் ஏறிப்போவார்கள். அக்கா அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுவார், மனு போடுவார், பதில் வராவிட்டால் இன்னொரு மனு போடுவார். தெரு குறுகல். அந்த ஜன்னல் திறந்திருந்தால், "எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க? என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று அவர் கேட்பது என் மிஷின் வரைக்கும் கேட்கும். அப்போது நான் மிதிப்பதை நிறுத்திவிடுவேன்.

எங்கள் தெருவுக்குப் பால் போடும் பால்காரம்மாவும் அப்படி ஏறியவர்தான். லாரியில் கிளீனராக இருந்த அவருடைய ஒரே மகனை விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் வழுக்கி விழுந்து இறந்தான் என்று சொல்லி உடலைக் கொடுத்தார்கள். எங்கே வழுக்கியது, யார் தண்ணீர் கொட்டியது, ஒன்றுக்கும் பதிலில்லை. அந்த அம்மா தினமும் பால் ஊற்றி முடித்துவிட்டுக் காலி கேனோடு மாடிக்குப் போவார். ஆனால் அக்கா எழுத ஆரம்பித்தால் அழுகைதான் வரும், பேச்சு வராது. பத்து நாளில் அரைப் பக்கம்கூட நகரவில்லை.

அப்போதுதான் பெஞ்சுக்காரர் வந்தார்.

நல்ல சட்டை, சத்தமில்லாத செருப்பு. வந்தவர் நேரே போய் பெஞ்சின் ஓரத்தில் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எதிரே பெரிய கண்ணாடி. அதில் மாடிப்படி முழுசாகத் தெரியும். என் வீட்டுக்காரர் நோட்டை நீட்டினார்.

"சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்காந்தாலும் எழுதணும் சார். கடை ரூல்."

அவர் கொஞ்சம் யோசித்து, பேர் கட்டத்தில் 'நண்பர்' என்று எழுதினார். நம்பரும் எழுதினார். உடனே இவர் மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது. பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "என் பொண்ணு. ஒரு வயசுல ரெக்கார்ட் பண்ணது" என்றார் அவர் கூச்சத்தோடு. சரியான நம்பர்தான்.

முறை வந்ததும் இவர், "நண்பர்! நண்பர் வாங்க!" என்று கூவினார். நண்பர், "அவருக்கு முதல்ல வெட்டுங்க" என்று பக்கத்து ஆளைக் காட்டினார். இவர் பேரை அடித்து, கடைசியில் மறுபடி எழுதச் சொன்னார். அன்றைக்கு மட்டும் நண்பர் ஆறு தடவை எழுதினார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். அக்கா படியிறங்கி பஸ்ஸுக்கு நடந்தால் நண்பருக்கு அவசர வேலை வந்துவிடும். 'போய் வருகிறேன் 11.20' என்று எழுதிவிட்டுப் பின்னாலேயே போவார். அக்கா திரும்பிய ஐந்தாவது நிமிஷம் 'வந்தேன் 1.05.' கையெழுத்து அழகு, அச்சடித்த மாதிரி இருக்கும்.

நான் முட்டாளில்லை. மூன்றாம் நாளே இவரிடம் சொன்னேன், "ஏங்க, அந்தாளு முடி வெட்ட வந்தவர் இல்ல. மாடியை நோட்டம் பார்க்க வந்தவர்."

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா உக்கார வைக்கிறீங்க?"

"எழுந்திரிங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் இருக்கா? எழுதுங்கன்னு சொல்லத்தான் இருக்கு" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரை என்ன சொல்வது?

நண்பரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பெஞ்சு, ஒரே கண்ணாடி. பேப்பரில் விளம்பரம்கூட விடாமல் படிப்பார். ஆனால் பாவம் என்று மட்டும் விட்டுவிட முடியவில்லை. மாடிக்குப் போகிறவர்களைத் தெருமுனையில் யாரோ நிறுத்தி, வீடு எங்கே, வேலை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அக்கா வீட்டில் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துப் போன் அடிக்கும். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் மலர் வளையம் ஒன்று அவர் வீட்டு வாசலில் இருந்தது. அதில் அக்கா பேர். நடுங்கிப்போனேன் நான். அக்கா மட்டும், "பூவாவது புதுசா வச்சிருக்கலாம். வாடினது" என்றாராம். மாடியில் இருந்த பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒன்றொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. கடைசியில் பால்காரம்மாவும் வரவில்லை. அவரையும் முனையில் நிறுத்தி, "இன்னும் யாரையாவது இழக்கணுமா?" என்று கேட்டார்களாம்.

பேட்டரிக்கடைக்காரர்தான் மாடிக்கும் சொந்தக்காரர். அவரையும் யாரோ பார்த்துப் பேசியிருக்கிறார்கள். அவர் அக்காவிடம், "உங்களைத் தொந்தரவு பண்றாங்கன்னு சொல்றீங்க. இல்லேங்கறாங்க அவங்க. யார் சொல்றது நெஜம்னு பெரிய இடத்துல எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா மாசக் கடைசியில சாவியைக் குடுத்துடுங்க" என்றார். அக்கா மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் எழுதினார். அந்த ஆணையம் என்ன சொல்கிறதோ அதில்தான் அந்த அறை நிற்கும் அல்லது போகும் என்று ஆகிவிட்டது.

கொஞ்ச நாளில் அக்கா கைப்பையின் ஜிப் தைக்க என்னிடம் வந்தார். கையில் ஒரு காகிதம். போலீஸ் துறை ஆணையத்துக்குக் கொடுத்த பதிலாம். "கேளும்மா கூத்தை" என்று வாசித்தார். மனுதாரரை எவரும் எக்காலத்திலும் கண்காணிக்கவில்லை. எதிர்ப்புற முடிதிருத்தகத்தில் தினமும் அமர்ந்திருப்பதாகச் சொல்லப்படும் நபர், அக்கடையின் வழக்கமான வாடிக்கையாளர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் தோட்டத்தையே மறைத்துவிட்டார்கள். "இனி என்ன செய்றதுக்கா?" என்றேன். "சாட்சி இல்லையேம்மா. அடுத்த வாரம் விசாரணை. அதுக்கப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றார் அக்கா.

திரைக்கு அந்தப் பக்கம் கத்திரிச் சத்தம் நின்றது. இவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னன்னு எழுதியிருக்காங்க? வாடிக்கையாளரா? என் வாடிக்கையாளரா? அறுபத்து மூணு நாளா வர்றான், ஒரு முடி வெட்டினதில்ல. பின்கழுத்தைப் பாரு, புதர் மாதிரி இருக்கு. காது மேல விழுது! அந்தத் தலையைக் காட்டி, இது அந்தச் சலூன் கஸ்டமர்னு ஊரெல்லாம் சொன்னா என் தொழில் என்னாகறது?"

மலர் வளையத்துக்கு வராத கோபம் மனிதருக்கு இதற்கு வந்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், நோட்டை ஷேவிங் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இரும்புப் படிகளில் ஏறினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. திரும்பி வந்தபோது கக்கத்தில் துண்டு மட்டும் இருந்தது. ஆணியில் புது நோட்டு மாட்டினார்.

விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு அதிகாரி வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. சுழல் நாற்காலியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பழைய நோட்டு ஒண்ணு இருக்காமே" என்றார்.

"இருந்துச்சுங்க. மாடிக்குப் போயிடுச்சு."

"திரும்ப வாங்கிடுங்க. கடை லைசென்ஸ் இந்த வருஷம் புதுப்பிக்கணும்ல? பின்னாடி தைக்கறாங்களே, அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"

மிஷின் ஊசியை என் விரலிலேயே இறக்கியிருப்பேன். இவர் கையிலிருந்து சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். எடுத்தவர், "குடுத்ததைத் திரும்ப வாங்கற பழக்கம் எங்க வீட்ல இல்லீங்க" என்றார். குரல் ஆட்டுக்குட்டி மாதிரிதான் வந்தது. ஆனால் வந்தது. அதிகாரி போன பிறகு அரை மணி நேரம் கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். நான் அவரைத் திட்டினேன், பிறகு அழுதேன், பிறகு மறுபடி திட்டினேன். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன" என்றார் அவர்.

விசாரணை அறை சின்னதுதான். 'கைபேசியை அணைக்கவும்' என்று சுவரில் பலகை. விசாரித்தவர் வயதான ஒரு அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். ஒருபக்கம் எங்கள் நோட்டு, மறுபக்கம் அக்காவின் நாட்குறிப்பு, இரண்டையும் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "இவங்க கிளம்பினது பதினொண்ணே கால். நண்பர் போய் வருகிறேன் பதினொண்ணு இருபது. இவங்க திரும்பினது ஒரு மணி. நண்பர் வந்தேன் ஒண்ணு அஞ்சு" என்று வாசித்தார். அப்படியே பல பக்கம்.

துறை வக்கீல் எழுந்து, "நண்பர்னா யாரு வேணா இருக்கலாம். கடைக்காரரே எழுதியிருக்கலாம். அப்படி ஒரு ஆளே இல்லை" என்றார்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். கும்பிட்டபடியே போனார். கும்பிட்டபடியே நின்றார். போகிற வழியில் அவர் கண் கடைசி வரிசையில் ஒரு தலை மேல் நின்றதை நான் கவனித்தேன். அக்கா எங்கே போனாலும் பின்னால் போகிற வேலை. பழக்க தோஷம், நண்பர் இங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆள் என் கஸ்டமர் இல்லீங்கம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் இவர். "நம்பர் அவரே எழுதினது. சரியான நம்பர்தான். மிஸ்டு கால் குடுத்துப் பார்க்காம நான் யாரையும் பெஞ்சுல உக்கார வைக்கிறதில்ல."

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தார். "இப்பவும் குடுத்துப் பாருங்களேன்" என்றார்.

இவர் போனை உயிர்ப்பித்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. எங்கள் எல்லார் போனும் அணைந்திருந்தது. மேலிடத்திலிருந்து எப்போது கூப்பிட்டாலும் எடுக்க வேண்டியவர் போன் மட்டும் அணையவில்லை. கடைசி வரிசையில் ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது.

அவர் பையைத் தட்டித் தடவி அமர்த்துவதற்குள் அது மூன்று தடவை சிரித்துவிட்டது. "எழுந்திரிங்க. அடையாள அட்டை இருக்கா?" என்றார் அந்த அம்மா. நண்பர் எழுந்து துறை வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மட்டும், "பாருங்கம்மா அந்தப் பின்கழுத்தை. என் கடையில வெட்டின தலையா அது?" என்றார்.

தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. புகார் உண்மை, கண்காணிப்பை நிறுத்த வேண்டும், மனுதாரரின் இடத்துக்கு இடைஞ்சல் கூடாது. பேட்டரிக்கடைக்காரர் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார், தான் முதலிலிருந்தே நம்பியதாக வேறு சொல்லிக்கொண்டார். நண்பரை அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை. எங்கே மாற்றினார்களோ. எங்கள் கடைப் பெயர்ப்பலகை தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாள் கழற்றிக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் இன்னும் புதுப்பித்து வரவில்லை. போனால் நாளைக்கு வா என்கிறார்கள்.

பிறகு பெஞ்சின் அந்த ஓரம் காலியாக இருந்தது. அதற்குப் பதில் ஒரு கார் வந்தது. பேட்டரிக்கடை ஓரமாக, மாடிப்படியை ஒட்டி. கறுப்புக் கண்ணாடி, எப்போதும் ஏற்றியே இருக்கும். உள்ளே யார், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. பெஞ்சுக்காரருக்காவது ஒரு முகம் இருந்தது, ஒரு குழந்தை இருந்தது. இந்தக் காரைப் பார்த்தால்தான் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பால்காரம்மா வந்தார். எத்தனையோ நாள் கழித்து, காலி கேனோடு. தீர்ப்பு வந்ததைக் கேள்விப்பட்டிருப்பார் போலிருக்கிறது. படிக்கு அருகில் வந்தவர் காரைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்தார்.

என் வீட்டுக்காரர் ஒருவருக்குப் பாதி ஷேவிங்கில் இருந்தார். கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறார். கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். ஆணியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். "ஏங்க!" என்று கத்த வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் பாதித் தெருவைத் தாண்டியிருந்தார்.

நேராகப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க. பேர் எழுதிடுங்க."

கண்ணாடி இறங்கவில்லை. மறுபடி தட்டினார். "நம்பரும் எழுதணும் சார்." இவர் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், நோட்டை பானெட் மேல் விரித்து வைத்து, வண்டி நம்பரைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார். பாதிக் கன்னத்தில் நுரையோடு நாற்காலியில் இருந்தவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் போய் நின்றார்கள். முறை போய்விடும் என்ற பயமோ என்னவோ, அங்கேயும் வரிசை மாறாமல்தான் நின்றார்கள்.

கார் கிளம்பியது. இவர் நோட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். கார் தெருமுனை வரை மெதுவாகப் போய்த் திரும்பி மறைந்தது. நாளைக்கு மறுபடி வரும், அது எங்களுக்கும் தெரியும்.

திரும்பி வந்தவரால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், பாதி சட்டையில் போயிற்று. நுரைக்காரர், "மெதுவாச் செய்ங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். நான் மட்டும் விடுவேனா, "உங்களுக்கு அறிவிருக்கா? பெஞ்சுல உக்காந்தா எழுதச் சொல்றீங்க சரி. காருல உக்காந்தவங்களுக்கும் உங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பிடித்துக்கொண்டேன்.

"எங்க உக்காந்தா என்ன? உக்காந்தா எழுதணும்" என்றார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். பேர் என்ற கட்டத்தில் வண்டி நம்பர். வந்த நேரம் 9.10. போன நேரம் 10.25. வேலை என்ற கட்டத்தில், 'சொல்லவில்லை.'

அவரை இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது, இரும்புப் படியில் காலி கேன் இடிபடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம். ஜன்னல் திறந்தது.

"உக்காருங்கம்மா" என்றார் அக்கா. "அவசரமில்ல. முதல்ல மகன் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பால்காரம்மா சொன்னார். இந்தத் தடவை அழவில்லை. எங்கள் கடை வரைக்கும் கேட்டது.